மனாஸுக்கு வரும் வழிகள்

இர்விங், டெக்சஸ்
ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய சைலஸ் அவர்களுக்கு,

நான் சுகம். அங்கே நீங்களும் வேலையும் நலம் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நாம் இருவர் மட்டும்தான் பேசவில்லை. பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டார், நாகர்கோவிலில் என் அம்மா, கலிபோர்னியா டப்ளினில் ஆன்லின் அக்கா, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த எங்கள் சபை கிருபைராஜ் அங்கிள் எல்லோரும் பேசினார்கள். கடைசியில் அங்கிள், "பிரேசில்ல போய் யாரும்மா செட்டில் ஆவா? டிசம்பரோட பையனுக்கு அங்க முடிஞ்சிரும். அப்புறம் டெக்சஸுக்கே வந்துருவான், டோன்ட் வொரி" என்று முடித்துவைத்தார். நீங்கள் கேமராவுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குப் பேசுவதைவிட எழுதுவது எளிது. உங்களுக்கும் அப்படித்தான் என்றால், இப்படிக் கடிதமாகவே எழுதிக்கொள்ளலாமா?

நவம்பரில் சபையில் நம் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும் என்கிறாள் அம்மா. மூன்று ஞாயிறு சபைமுன் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசித்த பிறகு மனம் மாறினாலும் ஒருவரும் மாற விடமாட்டார்கள். அதனால் அதற்கு முன்னால் உங்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு டிசம்பர்வரை நீண்ட விடுப்பு இல்லையாம். நான் வருகிறேன்.

சாவோ பாவ்லோவில் இறங்கி, அங்கிருந்து மனாஸுக்கு ரயிலில் வரலாம் என்று எண்ணம். வரைபடத்தில் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ள தூரம்போலத் தெரிகிறது. சாயங்காலம் ஏறினால் காலையில் வந்துவிடுமா? லோயர் பெர்த் முன்பதிவு செய்ய முடியுமா?

உங்கள் வீட்டாருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அபிகாயில்

*

மனாஸ்
ஏப்ரல் 13

அன்புள்ள அபிகாயில்,

கர்த்தர் கிருபையால் சுகம். தாராளமாக எழுதுவோம்.

உங்கள் ரயில் கேள்வியை என் அறைத்தோழன் தீபக்கிடம் சொன்னது என் தவறு. கோயம்புத்தூர்க்காரன். எங்கள் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில்தான் அவனுக்கும் வேலை. "லோயர் பெர்த்துங்களா? சைடு லோயர் பரவால்லைங்களான்னு கேளு மச்சி" என்று இரண்டு நாளாக அதே பேச்சு.

இந்த நாட்டில் பயணிகள் ஏறும் நெடுந்தூர ரயில்கள் ஒன்றிரண்டுதான். அவை ஓடுவது வேறு எங்கோ. மனாஸின் பக்கத்தில்கூட தண்டவாளம் வராது. சாவோ பாவ்லோவுக்கும் மனாஸுக்கும் இடையிலான தூரம் சென்னையிலிருந்து ஸ்ரீநகர் தூரத்தைவிட அதிகம். நடுவில் காடு. தெற்கிலிருந்து ஒரு சாலை வருகிறது. பாதிக்குமேல் மண்சாலை. மழைக்காலத்தில் லாரிகள் சேற்றில் மாட்டி நாள்கணக்கில் நிற்கும். ஆக, இங்கே வருவதற்கு விமானம் ஒன்று, படகு ஒன்று. விமானத்தில் நான்கு மணி நேரம். அதில் வந்துவிடுங்கள்.

நானும் முதலில் உங்களைப் போலத்தான் ரயில் தேடினேன். தீபக்கிடம் இதைச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைலஸ்

*

இர்விங்
ஏப்ரல் 27

அன்புள்ள சைலஸ்,

நலம். ஒரு வாரம் மகரந்தத் தும்மல், இப்போது பரவாயில்லை. உங்களுக்கு அங்கே மழை குறைந்ததா?

எத்தனையோ பயணப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். வரைபடத்தின் ஓரத்தில் இருந்த அளவுகோலைப் பார்க்கவில்லை. பெரிய ஊர் இருந்தால் ராத்திரி வண்டி இருக்கும் என்பது நம் மனதில் எப்படியோ பதிந்துவிட்டது.

நீங்கள் எழுதியதைப் படித்தபின் எனக்கு நிறையக் கேள்விகள். சாலை இல்லாத ஊருக்கு வெங்காயம் எப்படி வருகிறது? நீங்கள் செய்யும் வண்டிகள் எப்படி வெளியே போகின்றன? தினமும் வேலைக்கு எதில் போகிறீர்கள்? நெடுந்தூரப் பஸ்ஸில் தூங்க முடியுமா? நீங்கள் படகில் போயிருக்கிறீர்களா? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். நான் இங்கே மதிய இடைவேளையில் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நாட்டின் பஸ் நிலையப் படங்களைப் பார்க்கிறேன். பக்கத்து மேஜை பிரீத்தி நான் வேலையை விடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
அபிகாயில்

*

மனாஸ்
மே 11

அன்புள்ள அபிகாயில்,

இங்கே எல்லோரும் நலம். மழை குறையவில்லை, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது.

வெங்காயம் லாரியில் வருகிறது, லாரி மிதவையில் வருகிறது. ஆற்றின் முகத்துவாரப் பக்கம் உள்ள பெலேம் துறைமுகத்தில் லாரிப் பெட்டிகளை வரிசையாகத் தட்டையான மிதவைமேல் ஏற்றி, இழுவைப் படகால் ஆற்றில் மேலே தள்ளிக்கொண்டு வருவார்கள். எங்கள் வண்டிகளும் அதே மிதவையில்தான் கீழே இறங்குகின்றன.

வேலைக்குத் தொழிற்சாலைப் பஸ். சனிக்கிழமை ஊருக்குள் போனால் டவுன் பஸ். உள்ளே சுழலும் இரும்புக் கதவு இருக்கும், நடத்துனரிடம் காசு கொடுத்ததும் ஒரு ஆளை மட்டும் விடும். முதல் மாதம் அரிசி மூட்டையோடு ஏறினேன். மூட்டை அந்தப் பக்கம் போய்விட்டது, நான் இந்தப் பக்கம். பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள், முன்னால் இருந்த ஒரு அம்மா அரிசியை மடியில் வைத்துக்கொண்டார்.

நெடுந்தூரப் பஸ்ஸில் சாதாரணம், அரைப் படுக்கை, முழுப் படுக்கை என்று வகைகள். முழுப் படுக்கையில் சாய்ந்தால் நம் ஊர் சலூன் நாற்காலிபோல இருக்கும். போர்வை எடுத்துவையுங்கள், ஏசியைக் குறைக்கவே மாட்டார்கள். சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் உள்ளே போகும்போது ஒரு அட்டை தருவார்கள். சாப்பிட்டதை அதில் குறித்து, வெளியேறும்போது காசு கட்ட வேண்டும். சாவோ பாவ்லோவிலிருந்து ரியோ போகும் வழியில் நான் அதைத் தொலைத்துவிட்டேன். நான் வெறும் காபிதான் குடித்தேன் என்று நிரூபிக்க அப்போது எனக்குப் போர்த்துக்கீசு போதவில்லை. டிரைவர் வந்து சிரித்துக்கொண்டே மீட்டார்.

படகு: ஆற்றில் கீழே உள்ள சாந்தரேமில் ஒரு டீலரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நீரோட்டத்தை எதிர்த்து மேலே வந்தேன். படகில் கட்டில் கிடையாது. பெரியவர்களுக்கான தூளி ஒன்றை நாமே வாங்கி, மேலே உள்ள கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டும். நான் அதில் நேராகப் படுத்தேன், வாழைப்பழம்போல வளைந்து கிடந்தேன். விடிந்ததும் அடுத்த தூளிக்காரர் எழுந்து வந்து, என் காலைப் பிடித்து மூலைவாட்டில் திருப்பிவிட்டார். வளைவு போய் உடம்பு சமமாகப் படிந்தது. அப்புறம் இறங்கும்வரை தூங்கினேன்.

விமானமே நல்லது. ஆனாலும் கேட்டீர்களே என்று எழுதினேன்.

அன்புடன்,
சைலஸ்

*

இர்விங்
மே 25

அன்புள்ள சைலஸ்,

சுகம். அரிசி மூட்டையை அலுவலகத்தில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

முடிவு செய்துவிட்டேன். செப்டம்பரில் வருகிறேன். பெலேம்வரை விமானம். அங்கிருந்து படகு.

ஆன்லின் அக்காவிடம் சொன்னேன். "லூசாடி நீ? பொண்ணு போய் பையனைப் பாக்குறதே வீட்ல பெரிய இஷ்யூ. இதுல போட்ல தூளி கட்டித் தூங்கிட்டுப் போறியா? நாலு ஹவர்ஸ் ஃப்ளைட் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது. ஆனால் நான்கு மணி நேரத்தில் வந்து இறங்கினால் உங்களைத் தவிர எதையும் பார்த்திருக்க மாட்டேன். நீங்கள் இருக்கும் இடம் எவ்வளவு தூரம் என்று என் உடம்புக்குத் தெரிந்தபின் உங்களைப் பார்ப்பது சரி என்று தோன்றுகிறது. இதை அக்காவிடம் சொல்ல முடியவில்லை. அவள் மகள் பின்னாலிருந்து "தட்ஸ் ஸோ கூல், சித்தி" என்று கத்தினாள். ஒரு ஓட்டாவது கிடைத்தது.

என்ன வாங்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும், தனியாக வரும் பெண் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன். விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அபிகாயில்

*

மனாஸ்
ஜூன் 8

அன்புள்ள அபிகாயில்,

நலமே. அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறதாம். நீங்கள் கேட்டது அவளுக்குச் சந்தோஷம்.

படகா? தீபக் லோயர் பெர்த் பேச்சை அதோடு விட்டான். நான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

தூளியைத் துறைமுகத்துக் கடையில் வாங்குங்கள், துணி கனமாக இருக்கட்டும். கயிறு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். புறப்படும் நேரத்துக்கு வெகுமுன்னே போய்விட்டால் நல்ல இடம் கிடைக்கும். இன்ஜினிலிருந்து தள்ளி, கழிப்பறையிலிருந்து தள்ளி, குடும்பமாக வருபவர்களுக்கு நடுவில் கட்டுங்கள். பெண்கள் பக்கத்தில் இடம்விட்டுக் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். பூட்டு போடும் சின்ன அறைகளும் உண்டு, ஆனால் அதில் காற்று வராது. பெலேம் தாண்டியதும் ஆறு குறுகும். கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தோணியில் வந்து, ஓடுகிற படகிலேயே கொக்கியை மாட்டி, மேலே ஏறி இறால் விற்பார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். ஆற்றை எதிர்த்து வருவதால் ஐந்து நாளாகலாம், ஆறும் ஆகலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இங்கே வந்ததும் மீன் சந்தைக்குக் கூட்டிப்போகிறேன். மீன்காரர் ஒருவர் என்னைப் போர்த்துக்கீசில் செல்லமாக 'தங்கச்சி மாப்பிள்ளை' என்கிறார், அவருக்குத் தங்கையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றின்மேல் உள்ள நெடும்பாலம் தாண்டிப் போகலாம். எங்கள் பெயிண்ட் பிரிவையும் காட்டுகிறேன். அதை நாங்கள் நிறுவியபோது வெறும் கொட்டகை. இப்போது வந்து பாருங்கள்.

வழி நல்லபடி அமையட்டும்.

சைலஸ்

*

இர்விங்
ஜூன் 22

அன்புள்ள சைலஸ்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதங்களை நேற்று வரிசையாக மறுபடி படித்தேன். விமானம், படகு, சேற்றுச் சாலை என்று எத்தனையோ வழிகள் எழுதியிருக்கிறீர்கள். எல்லாமே மனாஸுக்கு வரும் வழிகள். நீங்கள் செய்யும் வண்டிகள் வெளியே போகும் வழிகூட இருக்கிறது. நீங்கள் வெளியே வரும் வழி மட்டும் இல்லை.

டிசம்பரில் உங்களுக்கு அங்கே முடிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் ஒருமுறைகூட அப்படி எழுதவில்லை.

இன்னொன்று. நான் உங்கள் ஊர்ப் பஸ்ஸின் கதவுவரை கேட்டுவிட்டேன். இர்விங்கில் நான் எதில் வேலைக்குப் போகிறேன் என்று நீங்கள் கேட்கவேயில்லை. ஒரு ஊரில் இருக்கப்போகிறவர் அதைக் கேட்காமல் இருப்பாரா?

இங்கே வெயில் கடுமை. நீங்கள் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அபிகாயில்

*

மனாஸ்
ஆகஸ்ட் 3

அன்புள்ள அபிகாயில்,

சுகமாக இருக்கிறீர்களா? நான் உடம்பால் சுகம்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. எழுதி எழுதி அழித்தேன்.

கம்பெனி என்னை இன்னும் மூன்று வருடம் இங்கே இருக்கச் சொல்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. செப்டம்பர் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு இருக்க ஆசை. ஓசூர்த் தொழிற்சாலையில் நூறு பேரில் ஒருவனாக இருந்தேன். இங்கே ஒரு பிரிவு என் கையில் வளர்ந்திருக்கிறது. டெக்சஸுக்கு உங்கள் டிபெண்டென்ட் விசாவில் வந்தால் நான் வேலைக்குப் போக முடியாது. அது உங்கள் தப்பில்லை. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனபின் அந்த அபார்ட்மென்டில் உட்கார்ந்திருக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். அந்த ஆளை உங்களுக்குப் பிடிக்காது.

உங்கள் ஊரைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் எழுதுவீர்கள். நன்றாக எழுதுவீர்கள். அப்புறம் எனக்கு அங்கே வரத் தோன்றும்.

இதற்குமேல் பயணம் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் நான் புரிந்துகொள்வேன்.

சைலஸ்

*

இர்விங்
ஆகஸ்ட் 6

சைலஸ்,

நலம்தான்.

மூன்று வருடத்துக்காக எனக்குக் கோபமில்லை. அம்மா டிசம்பரை நம்பி நாகர்கோவிலில் புடவைக்கடை ஏறி இறங்குகிறாள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருப்பார்கள். கோபம் அதற்காக.

நானும் ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். வீட்டில் அக்காவோடு ஒரு அறை, ஹாஸ்டலில் நாலு பேரோடு ஒரு அறை, படிக்க வந்தபோது டல்லஸில் மூன்று பேரோடு. இருபத்தேழு வயதில்தான் எனக்கென்று ஒரு கதவும் அதற்கு ஒரு சாவியும் கிடைத்திருக்கின்றன. யாரிடமும் சொல்லாமல் பூட்டிக்கொண்டு படிக்கலாம். மனாஸில் வந்து இருங்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் இதைத்தான் யோசித்திருப்பேன்.

டிக்கெட்டை ரத்துசெய்யவில்லை. ஆனால் படகுக்குச் சாந்தரேம்வரைதான் எடுக்கப்போகிறேன். அது ஏறக்குறையப் பாதி வழி. அதற்குமேல் வருவதா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் படகில் ஆற்றோடு கீழே அங்கே வாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லவில்லை என்றால் வர வேண்டாம். நான் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன்.

அபிகாயில்

*

மனாஸ்
ஆகஸ்ட் 24

அன்புள்ள அபிகாயில்,

நீங்கள் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். முதலில், "என்னல சொல்லுத? அப்பம் மூணு வருசம் வரமாட்டியா?" என்றாள். வரமாட்டேன் என்று இல்லை, இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவள் அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். "அப்பம் கெட்டிக்காரப் பிள்ளைதான். நீதாம்ல மண்டு" என்றாள்.

உங்கள் அம்மாவிடமும் தானே பேசிவிட்டதாகச் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

சாந்தரேமுக்குக் கீழ்நோக்கிப் போகும் படகில் எனக்கு இடம் பதிந்துவிட்டேன். ஒன்றரை நாள் ஆகும். உங்களுக்கு முன்னாலேயே வந்து துறைமுகத்தில் இருப்பேன்.

பத்திரமாக வாருங்கள்.

சைலஸ்

*

இர்விங்
அக்டோபர் 5

அன்புள்ள சைலஸ்,

சுகமாக வந்து சேர்ந்தேன். தூளிக் கயிறு பட்ட உள்ளங்கைக் காயம் ஆறிவிட்டது. நீங்கள் ஊர் சேர்ந்த செய்தி கிடைத்தது.

என் படகு முக்கால் நாள் தாமதமாக வந்தும் நீங்கள் அங்கேயே நின்றிருந்தீர்கள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். நீங்களும் என்னை அப்படித்தான் பார்த்திருப்பீர்கள். கரையில் கால்வைத்ததும் எனக்குத் தரை ஆடியது, உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீங்கள், "எழுத்துல அவ்வளவு கேள்வி கேட்டீங்க. நேர்ல ஒண்ணும் இல்லையா?" என்றீர்கள். "பேசினா இவ்வளவுதான். பரவால்லையா?" என்றேன். "பரவால்ல. பொரிச்ச மீன் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டீர்கள். உங்களோடு இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது அந்த மேஜையில்தான். நாம் ரொம்ப நேரம் பேசாமல் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் அது கஷ்டமாக இல்லை.

மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டதாக நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதை என்னிடம் கேட்டுச் செய்யவில்லை, நீங்களாகச் செய்தீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு வருடம் முடியும்போது எந்த ஊர் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

நேற்று அம்மாவிடம், நவம்பரில் ஓலை வேண்டாம் என்றேன். "அப்ப வேண்டாம்னு சொல்லிரவா?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. "இல்லம்மா, சரின்னு சொல்லு. ஓலையை மட்டும் பிப்ரவரியில வாசிக்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி அவர் கிறிஸ்மசுக்கு இங்க வந்து பாக்கட்டும்" என்றேன். இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிறேன்.

பிரசிலியாவில் விசா நேர்காணலுக்குப் போகும்போது கோட்டு போடாதீர்கள், வியர்க்கும்.

சாந்தரேம் விமான நிலைய வாசலில், "இர்விங்ல ஏர்போர்ட்ல இருந்து உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?" என்று கேட்டீர்கள். அப்போது வரிசை நகர்ந்துவிட்டது. சொல்கிறேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் டாக்ஸி பக்கம் திரும்புவார்கள். நீங்கள் திரும்ப வேண்டாம். டெர்மினல் ஏ பக்கம் ரயில் நிற்கும். வரைபடத்தில் ஆரஞ்சு நிறக் கோடு போட்ட வழித்தடம். இங்கே ரயில் உண்டு, ஏறத்தான் ஆள் இல்லை. உட்கார இடம் நிச்சயம். லோயர் பெர்த் கிடையாது என்று தீபக்கிடம் சொல்லுங்கள். வழியில் ஏரி வரும், அலுவலகக் கட்டடங்கள் வரும். லாஸ் கொலினாஸில் இறங்குங்கள். என் வீடு அங்கிருந்து பார்த்தால் தெரியும், ஆனால் நேராக வர முடியாது. கார் ஓட்டாதவர்கள் இருப்பார்கள் என்று இந்த ஊரைக் கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை. நிலையத்திலிருந்து நல்ல நடைபாதையாக இருக்கும். பெட்ரோல் பங்க் தாண்டினால் சட்டென்று நின்றுவிடும், அதற்கப்புறம் புல்லும் கார்களும்தான். வேகமாக வருவார்கள், நீங்களாகக் கடக்க வேண்டாம்.

நடைபாதை முடிகிற இடத்தில் நான் நிற்பேன்.

உங்கள்,
அபி